அதுக்குப் பதிலா இதைப் போட்டா?

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் தீப்பெட்டி ஒட்டாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். திண்ணைக்குத் திண்ணை ஒரு பசைச்சட்டி இருக்கும். மைதா மாவில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. துத்தம் போடாவிட்டால் பூச்சி அரித்துவிடும். அடிப்பெட்டி ஒட்டுகிறவர்கள் தனி, மேல்பெட்டி ஒட்டுகிறவர்கள் தனி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். ஊர்வம்பும் சினிமாக் கதையும் ஓடிக்கொண்டே இருக்க, கை தன்பாட்டுக்கு மடித்து ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்.

அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவர்களில் என் அத்தையும் ஒருத்தி. அப்பாவின் கடைசித் தங்கை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில் என் அறிவியல் புத்தகத்தை என்னைவிட ஆசையாகப் புரட்டியவள் அவள்தான். பாடத்தில் எங்கெல்லாம் 'செய்து பார்' என்று போட்டிருந்ததோ, அதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நடந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் செய்தது எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தீப்பெட்டி டெலிபோன். எங்கள் வீட்டில் பெட்டிக்கா பஞ்சம்? இரண்டு அடிப்பெட்டியில் துளை போட்டு, நூலைக் கோத்து, உள்பக்கம் ஒரு குச்சித்துண்டைக் கட்டிவிட்டால் முடிந்தது. நூல் தொய்ந்தால் பேச்சு கேட்காது. விறைப்பாக இழுத்தால், தெருமுனையில் நின்று கிசுகிசுத்தாலும் காதுக்குள் வந்து விழும். நடுவில் யாராவது நூலைத் தொட்டால் பேச்சு அறுந்துவிடும். குரல் பெட்டியை அதிரவைக்கிறது, அந்த அதிர்வு நூல்வழியே போகிறது என்று அத்தை புத்தகத்தைப் பார்த்து வாசித்துச் சொன்னாள். அப்போது அவளும் வாசித்துச் சொல்கிறவளாகத்தான் இருந்தாள். அவளை மாற்றியது ஒரு உலக்கை.

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். கார்வார், ஹூப்ளி, ராய்ச்சூர், பூரி என்று ஒரு பட்டையில்தான் முழு கிரகணம். எங்கள் பக்கம் பாதிக் கிரகணம்தான் என்றாலும் பயம் முழுசாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தெருவில் ஈ காக்காய் இல்லை. ஆச்சி பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தச் சொன்னாள். கிரகணம் பிடித்திருக்கிறவரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பது ஊர்நம்பிக்கை. அத்தைதான் நிறுத்தினாள். பூண் பக்கத்தைக் கீழே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக எடுத்தாள். நின்றது.

எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்குகளில் நுழைகிற வெயில் எப்போதும் தரையில் வட்ட வட்டமாக விழும். இடுக்கு சதுரமோ கோணலோ, அது சின்னதாக இருந்து தரை தள்ளி இருந்தால், கீழே விழுவது சூரியனின் உருவம். ஊசித்துளைக் காமிராவும் இதேதான். அன்றைக்கு அத்தனை வட்டமும் பிறையாகிவிட்டன. அடுப்படி, கூடம், ஆச்சியின் சேலை என்று எங்கு பார்த்தாலும் பிறை. வெளியே தலைகாட்டக் கூடாதென்று கதவைச் சாத்தியவர்களின் வீட்டுக்குள்ளேயே கிரகணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

கிரகணம் விட்டதும் வீடு கழுவி, குளித்து, அடுப்பு மூட்டுகிற அவசரத்தில் உலக்கையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அத்தை பார்த்தாள். அது நின்றுகொண்டே இருந்தது.

"ஏல மருமவனே, கிரகணம் எப்பவோ விட்டுருச்சுல்ல? இது ஏன் இன்னும் விழல?"

"கிரகணத்தோட சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும்ட்டி" என்றாள் ஆச்சி.

மறுநாள் நிறுத்தினாள், நின்றது. சக்தி எல்லாம் வடிந்திருக்க வேண்டிய அடுத்த வாரமும் நின்றது. தண்ணீரைக் கொட்டிவிட்டு நிறுத்தினாள். தாம்பாளத்தையும் எடுத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் நின்றது. பக்கத்து வீட்டில் பூண் தேய்ந்து அடி உருண்டுபோன உலக்கை ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து நிறுத்திப் பார்த்தாள். அது மட்டும் என்ன செய்தும் நிற்கவில்லை. பதில் அந்தப் பூணில்தான் இருந்தது. உலக்கையின் எடை மையத்திலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அடிப்பூணின் வட்டத்துக்குள் விழுகிறவரை அது நிற்கும். தட்டையான பூணும் நடுங்காத கையும் போதும். சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் நின்று இழுப்பதால் உலக்கை நிற்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அப்படியானால் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஊரிலுள்ள உலக்கைகள் எல்லாம் எழுந்து நிற்க வேண்டும்.

எடை மையம் என்ற சொல்லெல்லாம் அத்தைக்கு அப்போது தெரியாது. முதலில் நாளை மாற்றினாள், அப்புறம் தண்ணீரை எடுத்தாள், பிறகு தாம்பாளத்தை, கடைசியில் உலக்கையையே. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றினாள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், மாற்றிப் பார்த்தால் பொருளே பதில் சொல்லிவிடும் என்பதை அவள் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து எதைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "சரி, அதுக்குப் பதிலா இதைப் போட்டா?"

ஒரு கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிற வேலை அவளுக்கு வந்தது. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவந்துவிடும் என்பது நம் பெண்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த விஷயம். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, வரிசையாகக் கொட்டாங்கச்சிகளை வைத்து எல்லாவற்றிலும் மஞ்சள் கரைத்து ஊற்றினாள். சுண்ணாம்புக்குப் பதிலாகச் சவுக்காரம் போட்டோம், சிவந்தது. அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரும் சிவக்கவைத்தது. உப்பு, சீனி இரண்டுக்கும் அசையவில்லை. சிவந்ததில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் பழையபடி மஞ்சள். புளித்தண்ணீருக்கும் புளித்த மோருக்கும் அப்படியே. மஞ்சள் கறைபட்ட வெள்ளைச் சட்டையில் சவுக்காரம் போட்டதும் ஏன் ரத்தக்கறை மாதிரி ஆகிறது என்பது அன்றைக்கு விளங்கியது. காரத்தைக் கண்டால் மஞ்சள் சிவக்கும், அமிலம் பட்டால் திரும்பிவிடும். செம்பருத்திப் பூவைக் கசக்கிய சாறு இன்னும் ஒரு படி மேலே. எலுமிச்சைக்கு அடர்ந்த இளஞ்சிவப்பு, சவுக்காரத்துக்குப் பச்சை என்று இரண்டு பக்கமும் நிறம் காட்டும்.

இதில் எனக்குப் பிடித்த விளையாட்டு, கரண்டால் எழுதுவது. நோட்டுத் தாளை மஞ்சள் கரைசலில் நனைத்து உலர்த்தி, மறுபடி உப்புத்தண்ணீரில் ஈரமாக்கித் தட்டில் விரிக்க வேண்டும். டார்ச் லைட்டின் மூன்று பேட்டரிக் கட்டைகளை வரிசையாக வைத்து இரண்டு முனையிலிருந்தும் ஒயர் எடுத்து, இரண்டையும் தாளில் சற்றுத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். எதிர்முனை ஒயர் தொட்ட இடம் சிவக்கும். மெல்ல இழுத்தால் சிவப்பாக எழுத்து விழும். மின்சாரம் உப்புத்தண்ணீரைப் பிரிக்கும்போது அந்த முனையில் காரம் உண்டாகிறது, மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது. டார்ச் பேட்டரியில் மட்டுமே செய்ய வேண்டிய காரியம் இது. சுவரில் இருக்கிற பிளக்கின் பக்கமே போகக் கூடாது.

கரிசல் பூமியில் தண்ணீர்தான் பெரிய பாடம். ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும், அதுவும் வருகிற நாளில். மற்ற நாளில் கிணற்று உப்புத்தண்ணீர். அதில் துணி துவைத்தால் நுரைக்குப் பதில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். பருப்பு வேகவே வேகாது. பருப்பு வேகாததற்கு ஆச்சி எப்போதும் பலசரக்குக் கடைக்காரரைத்தான் திட்டுவாள். ஒரு மழைநாளில் அத்தை முற்றத்தில் குண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். ஒரே பருப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மழைத்தண்ணீரிலும் மற்றதைக் கிணற்றுத் தண்ணீரிலும் ஒரே மாதிரிச் சட்டியில், ஒரே அளவு விறகில் போட்டாள். மழைத்தண்ணீர்ப் பருப்பு குழைந்துவிட்டது. மற்றது முழித்துக்கொண்டு கிடந்தது. கடைக்காரர் அன்றோடு தப்பித்தார்.

கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சவுக்காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி மிதக்கின்றன. அதே கால்சியம் பருப்பின் செல்சுவரை இறுக்கி வேகவிடாமல் செய்கிறது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் அந்த இறுக்கம் தளரும். இதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் மழைத்தண்ணீரும் போர்த் தண்ணீரும் சம அளவு எடுத்து, சம அளவு துணிச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் எதில் எத்தனை விரற்கடை நுரை என்று அளந்துவிடலாம். துணிப் பவுடரில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சோப்புக் கட்டிதான் வேண்டும்.

இத்தனையிலும் பெரிய கலகம் மெழுகுவத்தியில் நடந்தது. எங்கள் பாடத்தில் அது இருந்தது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று சார் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் திண்ணையில் செய்துகாட்டி அதையே ஒப்பித்தேன்.

அத்தை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒத்த வத்திக்குப் பதிலா ரெண்டு வச்சா?"

எத்தனை வத்தி வைத்தாலும் டம்ளருக்குள் இருக்கிற ஆக்சிஜன் ஒரே அளவுதானே. தண்ணீரும் ஒரே உயரத்துக்குத்தான் ஏற வேண்டும். வைத்தோம். இரண்டுக்கு ஒன்றைவிட உயரமாக ஏறியது. மூன்றுக்கு இன்னும் மேலே. வெளியில் மசிக்கோடு போட்டு வைத்திருந்ததால் கண்ணை ஏமாற்ற வழியில்லை. அப்புறம்தான் குனிந்து உற்றுப் பார்த்தோம். டம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பு வழியாகக் குமிழிகள் வெளியே போயின. சுடர் எரிகிறபோது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது. ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதென்றால் எரியும்போதல்லவா ஏற வேண்டும்?

அடுத்து அவள் செய்ததுதான் உச்சம். வத்தியையே எடுத்துவிட்டாள். எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிச் சற்று வைத்திருந்து, கொட்டிவிட்டு, துணியால் பிடித்து அப்படியே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்தாள். சுடர் கிடையாது, எரிந்து தீர ஒன்றுமில்லை. ஆனாலும் டம்ளர் ஆறஆறத் தட்டிலிருந்த தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

சூடுதான் காரணம். சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் குமிழியாக வெளியேறுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றிவிடுகிறது. வத்தி கூடினால் சூடு கூடும், அதனால் ஏற்றமும் கூடும். டம்ளருக்குள் ஆக்சிஜன் முழுசாகத் தீருவதும் இல்லை; அதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்சிஜனுக்கு ஈடாகக் கரியமில வாயுவும் வந்து சேர்கிறது. ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதுபோலச் சில நேரம் தோன்றுவது தற்செயல். பைசாந்தியத்து பிலோ என்ற கிரேக்கப் பொறியாளர் கி.மு. காலத்திலேயே எழுதிவைத்த சோதனை இது. தவறான விளக்கம் இன்றும் பல புத்தகங்களில் உட்கார்ந்திருக்கிறது. சாரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது சரியா இருக்கலாம்லே. பரீட்சைல அஞ்சுல ஒரு பங்குன்னே எழுது" என்றார்.

பிற்பாடு கல்லூரி நூலகத்தில், மைக்கேல் ஃபாரடே 1860–61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்து ஆறு சொற்பொழிவு நடத்தினார் என்று படித்தேன். எனக்கு அதில் வியப்பில்லை.

கோடை விடுமுறை என்றால் சினிமா. தியேட்டர் ஆபரேட்டர் ஒட்டுப்போடும்போது வெட்டி எறிந்த ஃபிலிம் துண்டுகள் எங்களிடையே காசு மாதிரி புழங்கும். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியைப் பெரியவர்கள் பக்குவமாகத் தட்டி, உள்ளே இருக்கிற கம்பிகளை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். இருட்டறைக்குள் வெளியிலிருந்து ஒருவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அனுப்புவான். வெயில் ஃபிலிமைத் தாண்டி, பல்பைத் தாண்டி, எதிர்ச் சுவரில் கட்டிய வேட்டியில் விழும். படம் தலைகீழாக விழுமென்பதால் ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். வெளியே நிற்பவன் சூரியன் நகர்வதற்கு ஏற்பக் கண்ணாடியைத் திருப்பாவிட்டால் கதாநாயகன் இருட்டில் போய்விடுவான்.

அத்தை அங்கேயும் வந்துவிட்டாள். ஃபிலிமுக்கும் பல்புக்கும் உள்ள தூரத்தை ஈர்க்குச்சியால் அளந்து வைத்துக்கொண்டாள். பல்பின் நடுவிலிருந்து ஏறக்குறைய பல்பின் விட்டத்தளவு தள்ளிப் பிடித்தால்தான் படம் தெளிவாக விழுந்தது. "தண்ணிக்குப் பதிலா தேங்காண்ணெ ஊத்துனா?" என்றாள். ஆச்சி எண்ணெய்ச் செம்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கி ஊற்றியபோது, பழைய தூரத்தில் படம் மங்கிப்போயிற்று. ஃபிலிமைப் பல்புக்கு நெருக்கமாகக் கொண்டுவந்த பிறகே தெளிந்தது. தண்ணீரைவிட எண்ணெய் ஒளியை அதிகமாக வளைக்கிறது. அந்த எண்ணெயில் ஆச்சி அன்றிரவே பணியாரம் சுட்டுவிட்டாள். ஒரு துளி வீணில்லை.

இன்றைய பிள்ளைகள் பல்பைத் தட்டி உடைக்க வேண்டாம். குழல்விளக்கிலும் சிஎஃப்எல் விளக்கிலும் பாதரசம் இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடியை வெயிலில் விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் கிடக்கும் காகிதம் பற்றிக்கொள்ளவும் கூடும்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் 'துளிர்' இதழைத் தொடங்கியபோது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். சோவியத் புத்தகக் கண்காட்சியில் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' மலிவு விலையில் கிடைத்தது. இரண்டையும் முதலில் படித்து முடிப்பவள் அத்தைதான். கல்யாணமாகிப் போன ஊரிலும் தீப்பெட்டி ஒட்டினாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை. இப்போது பேத்தி செல்போனில் சோதனை வீடியோக்களைப் பார்க்கிறாள். மூன்று நிமிடத்தில் நிறம் மாறும், நுரை பொங்கும், விளக்கமும் வந்துவிடும். பார்த்து முடித்ததும் அத்தை கேட்பாள்: "அதுல வேற ஒண்ணைப் போடச் சொல்லு பாப்போம்." வீடியோவில் அது முடியாது. அடுப்படியில் முடியும். பிள்ளைகளுக்குச் சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பெட்டியில் எழுதியிருப்பதைச் செய்து முடித்தவுடன் மூடி வைக்காதீர்கள். ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். என்ன ஆகும் என்று முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் செய்யட்டும்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு விடை சொல்லாமல் ஒரு சோதனை. வழவழப்பான உருளைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு தாளில் வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி வரைந்து டம்ளருக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்து, முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே தாளை மெல்லப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஒரு தூரத்தில் அம்பு இடப்பக்கம் திரும்பிவிடும். அந்தத் தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இனி அந்தத் தண்ணீரில், கரைகிற மட்டும் உப்பைக் கரைத்துத் தெளியவிட்டு, அதே டம்ளர், அதே அம்பு, அதே இடத்திலிருந்து பாருங்கள். அம்பு திரும்புகிற தூரம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?